கப்பி செய்த மெஷின்கள்: மார்க் புருனெல் வாழ்க்கை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

ஜேம்ஸ் வாட் என்றால் நீராவி இன்ஜின், எடிசன் என்றால் மின்விளக்கு என்று சின்ன வகுப்பிலேயே ஒப்பித்துவிட்டோம். பாலிடெக்னிக் வந்த பிறகு லேத் பாடத்தில் ஹென்றி மாட்ஸ்லி என்ற பெயரையும் தெரிந்துகொண்டோம். ஆனால் அந்த மாட்ஸ்லியிடம் வரைபடங்களைக் கொடுத்து, மரவேலைக்கென்றே ஒரு பெரிய மெஷின் வரிசையைச் செய்ய வைத்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம். அவர்தான் மார்க் இசம்பார்ட் புருனெல். அவருடைய மகன் இசம்பார்ட் கிங்டம் புருனெல் பாலம், ரயில் பாதை, இரும்புக் கப்பல் என்று கட்டிப் பெரிய பெயர் வாங்கிவிட்டார். மகன் புகழில் அப்பா கொஞ்சம் மறைந்துபோனார்.

இவர் வரலாற்றை இந்த மலரில் எழுத ஒரு காரணம் உண்டு. வீட்டோடு சின்னதாக மரவேலைப் பட்டறை வைக்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. அறுக்க, இழைக்க, கனம் எடுக்க, துளை போட என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த காம்பினேஷன் மெஷின் ஒன்று வாங்குவதா? இல்லை, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மெஷின் வாங்குவதா? நம் பாடத்தின் மொழியில் சொன்னால், ஜெனரல் பர்பஸா, ஸ்பெஷல் பர்பஸா? புருனெல் வாழ்க்கையில் ஸ்பெஷல் பர்பஸ் மெஷின் அவரை உச்சிக்கும் தூக்கியது. பிறகு கீழே தள்ளவும் பார்த்தது. ஆகவே அவர் கதையைத் தெரிந்துகொண்டு பதில் சொல்வது நல்லது.

பாதிரியாராக வேண்டிய பையன்

பிரான்ஸ் நாட்டில் நார்மண்டிப் பகுதி. அங்கே ஆக்வில் என்ற கிராமம். 1769 ஏப்ரல் 25 அன்று ஒரு வசதியான விவசாயக் குடும்பத்தில் இரண்டாவது மகனாக மார்க் பிறந்தான். அந்த ஊர் வழக்கப்படி மூத்த மகனுக்கு நிலம்; இளையவன் பாதிரியாராகப் போக வேண்டும். அதற்காகக் கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக் கொடுத்தார்கள். அவை பையன் தலையில் ஏறவே இல்லை. கணக்கும் வரைபடமும் மட்டும் தானாக வந்தன.

11 வயதில் ருவான் நகரத்தில் ஒரு குருமடத்தில் சேர்த்தார்கள். அந்தக் குருமடத் தலைவர் நல்ல மனிதர். பையனின் மனம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். தச்சு வேலை கற்றுக்கொள்ள அனுமதி கொடுத்தார். கொஞ்ச காலத்திலேயே அலமாரி, மேஜை செய்யும் தேர்ந்த தச்சர் அளவுக்கு அவன் கை பழகிவிட்டது. நண்பர்களே, இந்த இடத்தை மட்டும் அடிக்கோடு போட்டு வையுங்கள். பிற்காலத்தில் மரவேலை மெஷின்களைக் கண்டுபிடித்த மனிதர், முதலில் உளியையும் இழைப்புளியையும் கையில் பிடித்தவர்.

பாதிரியார் வேலை சரிப்படாது என்று தெரிந்ததும் குடும்பத்தார் கடற்படைக்கு அனுப்பினார்கள். 1786-இல் பயிற்சி மாலுமியாகச் சேர்ந்து மேற்கிந்தியத் தீவுகள் வரை பலமுறை போய் வந்தார். கடலில் கோணம் அளக்க உதவும் ஆக்டன்ட் என்ற கருவியைப் பித்தளையிலும் தந்தத்திலும் தானே செய்துகொண்டார். கருவி வாங்கப் பணம் தேடும் வயதில் கருவி செய்யத் தெரிந்திருந்தது. சும்மாவா?

நாடு விட்டு நாடு

1792-இல் ஊர் திரும்பியபோது பிரான்ஸே தலைகீழாகக் கிடந்தது. பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்தது. புருனெல் மன்னர் கட்சிக்காரர். வாயை அடக்கவும் தெரியாது. புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் சீக்கிரம் வீழ்வார் என்று வெளிப்படையாகப் பேசிவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிப் பேசினால் கழுத்து மிஞ்சாது. 1793 ஜூலையில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறித் தப்பினார்.

போகும்போது மனதை ருவானிலேயே விட்டுவிட்டுப் போனார். அங்கே சோபியா கிங்டம் என்ற ஆங்கிலப் பெண்ணை அவர் விரும்பினார். உடல்நலம் சரியில்லாததால் சோபியாவால் அவரோடு கிளம்ப முடியவில்லை. அவர் ஆங்கிலேயர் என்பதால் ஒற்றர் என்று சந்தேகப்பட்டுக் கைது செய்தார்கள். ரோபஸ்பியர் வீழ்ந்த பிறகே விடுதலை கிடைத்தது. 1795-இல் சோபியா லண்டன் போய்ச் சேர்ந்தார்.

அமெரிக்காவில் புருனெல் நிலம் அளந்தார், கால்வாய்க்குத் திட்டம் போட்டார், கட்டடம் வரைந்தார். 1796-இல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். அதே ஆண்டில் நியூயார்க் நகரத்தின் தலைமைப் பொறியாளர் பதவியும் கிடைத்தது. வயது 27! அந்த வேலையிலேயே இருந்திருந்தால் நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் 1798-இல் ஒரு விருந்தில் காதில் விழுந்த செய்தி அவர் பாதையை மாற்றியது.

ஒரு கப்பலுக்கு ஆயிரம் கப்பி

அந்த விருந்தை வைத்தவர் அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன். அங்கே இங்கிலாந்துக் கடற்படையைப் பற்றிப் பேச்சு வந்தது. பாய்மரக் கப்பல்களுக்கு வேண்டிய கப்பிகள் கிடைப்பதில் அவர்களுக்குப் பெரிய தொல்லை என்று தெரிந்தது.

கப்பி என்றால் என்ன? நாம் கிணற்றில் பார்த்திருக்கும் ராட்டினத்தின் உறவுதான். மரக்கட்டை ஒன்றில் நீளத் துளை போட்டு, உள்ளே ஒரு உருளையை வைத்து, நடுவில் இரும்பு முளை செருகியிருப்பார்கள். பாய்களை ஏற்றி இறக்கும் கயிறுகள், பீரங்கியை இழுக்கும் கயிறுகள் எல்லாம் இதன் வழியாகத்தான் ஓடும். ஒரு பெரிய போர்க்கப்பலுக்குப் பல அளவுகளில் சுமார் 1,000 கப்பி வேண்டும். மொத்தக் கடற்படைக்கும் ஆண்டுக்கு 1,00,000 தேவைப்பட்டது. இத்தனையும் பெரும்பாலும் கைவேலை. ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அளவு தவறிய கப்பியில் புயல் நேரத்தில் கயிறு சிக்கினால் என்ன ஆகும்? கப்பலும் போச்சு, ஆட்களும் போச்சு.

குருமடத்தில் மரத்தையும், கப்பலில் கயிற்றையும் கையால் தொட்டுப் பார்த்த புருனெலுக்குப் பிரச்சினை உடனே புரிந்தது. 1799 பிப்ரவரியில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். லண்டனில் காத்திருந்த சோபியாவை அதே ஆண்டு நவம்பர் 1 அன்று திருமணம் செய்துகொண்டார்.

தட்டிய கதவு திறக்கவில்லை

1801-இல் கப்பி மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். முதலில் போனது கடற்படைக்குக் கப்பி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபாக்ஸ் அண்ட் டெய்லர் நிறுவனத்திடம். அவர்களிடம் ஏற்கெனவே சில மெஷின்கள் இருந்தன. இதைவிட நன்றாகச் செய்ய முடியாது என்ற நம்பிக்கையில் அவர்கள் வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் என்ன ஆச்சு? கடற்படை அவர்களுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கையில் ஆர்டர் இருக்கிறது என்று புதுசைப் பார்க்க மறுப்பவர்களுக்கு இது பாடம்.

இந்த நேரத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் அவருக்குக் கிடைத்தார்கள்.

ஒருவர் நம் மாட்ஸ்லி. லண்டனில் சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருந்தார். என்ன மெஷின் என்று சொல்லாமலே புருனெல் ஒவ்வொரு பாகமாக வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தாராம். இரண்டு மூன்று முறை பார்த்ததும் இது கப்பி செய்யும் மெஷின்தான் என்று மாட்ஸ்லி கண்டுபிடித்துவிட்டாராம். டிராயிங்கைப் பார்த்தே வேலையைச் சொல்பவன்தான் மெக்கானிக்!

இன்னொருவர் சாமுவேல் பெந்தாம். கடற்படைக் கட்டுமானங்களின் தலைமை ஆய்வாளர். இவரே 1791-லும் 1793-லும் மரவேலை மெஷின்களுக்குக் காப்புரிமை எடுத்தவர். இழைக்க, துளை போட என்று பொதுவான மரவேலைகளுக்கு அவர் மெஷின் யோசித்தார். கப்பிக்கும் சில மெஷின்கள் திட்டமிட்டிருந்தார். ஆனால் புருனெல் திட்டத்தைப் பார்த்ததும் தன்னுடையதை ஓரமாக வைத்துவிட்டு, புருனெலுடையதை ஏற்கும்படி 1802-இல் அரசுக்குப் பரிந்துரை செய்தார். போட்டியாளனின் வேலை நம்முடையதைவிட நல்லது என்று ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெஷின்

போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் மெஷின்கள் இறங்க ஆரம்பித்தன. நடுத்தர அளவுக் கப்பிக்கான வரிசை 1803 ஜனவரியில் வந்தது. சின்னக் கப்பிக்கான வரிசை அதே ஆண்டு மே மாதம். பெரிய கப்பிக்கானது 1805 மார்ச்சில். மொத்தம் சுமார் 45 மெஷின்கள். ஓட்டுவதற்கு நீராவி இன்ஜின். எல்லா மெஷினுக்கும் உலோகத்தில் சட்டம் போட்டார்கள். அதுவரை பல மெஷின்களுக்கு மரச் சட்டம்தான். அதிர்வில் ஆடும், அளவு தவறும். உலோகச் சட்டம் ஆடவில்லை.

வேலை எப்படி நடந்தது பாருங்கள்.

முதலில் எல்ம் மரத் தடியை ஒரு ரம்பம் துண்டு போடும். வட்ட ரம்பங்கள் அதைச் சதுரக் கட்டையாக்கும். அடுத்தது துளை மெஷின். முளைக்கு ஒரு துளை. அதற்குக் குறுக்கே உருளைத் துளை தொடங்கும் இடத்தில் இன்னொரு துளை. இந்த மெஷின் கட்டையை இறுக்கிப் பிடிக்கும்போதே அதன்மேல் ஒரு தடம் பதித்துவிடும். அடுத்தடுத்த மெஷின்களில் கட்டையை அந்தத் தடத்தை வைத்தே மாட்ட வேண்டும். ஜிக், ஃபிக்சர் பாடத்தில் டேட்டம் என்று படிக்கிறோமே, அதுதான் இது. இருநூறு வருஷத்துக்கு முன்னால்!

மூன்றாவது, துளை வெட்டும் மெஷின். உளி மேலும் கீழும் அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் கட்டை தானாகக் கொஞ்சம் நகரும். நீளம் முடிந்ததும் தானாக நிற்கும். பிறகு மூலைகளை அறுக்கும் ரம்பம். அதன்பின் உருவம் கொடுக்கும் மெஷின். இரண்டு பெரிய சக்கரங்களுக்கு நடுவே பத்துக் கட்டைகளை மாட்டிச் சுழற்றுவார்கள். வெட்டும் உளி வளைவாகப் போய் ஒரு பக்கத்தைச் செதுக்கும். பிறகு பத்துக் கட்டைகளையும் ஒரே அசைவில் கால் சுற்றுத் திருப்பி அடுத்த பக்கம். கடைசியாகக் கயிறு உட்காரப் பள்ளம் வெட்ட ஒரு மெஷின். உள்ளே ஓடும் உருளைக்கு வேறு வரிசை. அந்த உருளை லிக்னம் வைட்டே என்ற மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம்.

1805 செப்டம்பர் 14 அன்று, டிராஃபல்கர் போருக்குக் கப்பல் ஏறப் போர்ட்ஸ்மவுத் வந்த தளபதி நெல்சன், இந்தப் பட்டறையைப் பார்த்துவிட்டுத்தான் போனார். 1808-இல் ஒரே ஆண்டில் 1,30,000 கப்பிகள் செய்தார்கள். இந்த மெஷின்களில் சில 20-ஆம் நூற்றாண்டிலும் ஓடின. சில இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆனால் பணம் மட்டும் சுலபமாக வரவில்லை. தன் கைக்காசு 2,000 பவுனுக்கு மேல் போட்டிருந்தார் புருனெல். கடற்படை இழுத்தடித்தது. 1808-இல் முன்பணமாக 1,000 பவுன். அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் 17,000 பவுனுக்குக் கொஞ்சம் மேல் கிடைத்தது.

நூற்றுப் பத்துப் பேர்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். முன்பு 110 பேர் செய்த வேலையை மெஷின் வந்தபின் 10 பேர் செய்தார்கள் என்று எல்லாப் புத்தகமும் பெருமையாக எழுதுகிறது. அந்தப் 10 பேருக்கும் தொழில் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கட்டையை மாட்டத் தெரிந்தால் போதும்.

தச்சர் வீட்டுப் பிள்ளையான எனக்கு மற்ற 100 பேரைப் பற்றித்தான் முதலில் யோசனை வந்தது. வருஷக்கணக்கில் பழகிய கை ஒரே நாளில் தேவையில்லாமல் போவது சின்ன விஷயமா? ஸ்பெஷல் பர்பஸ் மெஷின் திறமையை மனிதன் கையிலிருந்து எடுத்துத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிறது. உற்பத்தி பெருகும், அளவு சரியாக வரும், கப்பல் தப்பிக்கும். அதெல்லாம் உண்மை. ஆனால் மெஷின் ஓட்டுகிறவன் தச்சன் ஆவதில்லை. வீட்டுப் பட்டறைக்கு மெஷின் வாங்கும்போதும் இதை மறக்கக் கூடாது. மெஷின் கைக்கு உதவியாக வர வேண்டும்.

பூட்ஸ் மூட்டையும் கடன் சிறையும்

1809-இல் ஸ்பெயின் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் காலில் கந்தல் துணி சுற்றிக்கொண்டு போர்ட்ஸ்மவுத்தில் இறங்கினார்கள். அதைப் பார்த்த புருனெல் இராணுவ பூட்ஸ் செய்ய ஒரு மெஷின் வரிசை அமைத்தார். போரில் காயம்பட்டு வேறு வேலைக்குப் போக முடியாத சிப்பாய்களுக்கே அதில் வேலை கொடுத்தார். எவ்வளவு நல்ல மனசு! பேட்டர்சீ என்ற இடத்தில் மெல்லிய மரத்தகடு அறுக்கும் ரம்ப ஆலையும் வைத்தார். சதாம் துறைமுகத்துக்கும் ரம்ப ஆலை அமைத்துக் கொடுத்தார். 1814-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

அதே 1814-இல் பேட்டர்சீ ஆலை தீப்பிடித்து எரிந்தது. 1815-இல் வாட்டர்லூ போரோடு நெப்போலியன் கதை முடிந்தது. ஊரெல்லாம் சமாதானம் வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் பூட்ஸ் ஆர்டர் நின்றுபோனது. செய்து வைத்த பூட்ஸ் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. பூட்ஸ் செய்யும் மெஷினை வைத்து வேறு என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. கப்பி மெஷினைக் காப்பாற்றியது கடற்படையின் நிரந்தரத் தேவை. பூட்ஸ் மெஷினுக்கு அந்தத் தேவை போர் நடக்கும் வரைதான். இரண்டும் ஒரே மூளையில் பிறந்த மெஷின்கள்தான். வித்தியாசம் ஆர்டரில்.

கணக்கு வழக்கு பார்ப்பதிலும் அவர் கெட்டிக்காரர் இல்லை. கடன் ஏறியது. 1821 மே மாதம் சுமார் 5,000 பவுன் கடனுக்காகச் சிறை வைத்தார்கள். சோபியாவும் கூடவே போய் இருந்தார். உள்ளே இருந்தபடியே புருனெல் ரஷ்யச் சக்கரவர்த்திக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். அந்த நாட்டுக்கே போய்விடலாம் என்று யோசித்தார். விஷயம் வெளியே தெரிந்ததும் பெரிய மனிதர்கள் பதறினார்கள். இப்படிப்பட்ட ஆளை இழக்கலாமா? இங்கிலாந்திலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அரசாங்கமே கடனை அடைத்தது. 88 நாள் கழித்து வெளியே வந்தார்.

நதிக்கு அடியில்

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் உலகம் மறக்காதது. தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கப் பாதை! கப்பல் மரத்தைத் துளைக்கும் ஒரு கடல் புழு இருக்கிறது. முன்னால் துளைத்துக்கொண்டே, பின்னால் தன் வழியைச் சுண்ணாம்புப் பூச்சால் உறுதிப்படுத்திக்கொண்டு போகும். அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். இங்கேயும் மரம்தான் வாத்தியார்!

1818-இல் சுரங்கக் கேடயத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1825-இல் வேலை தொடங்கியது. 12 இரும்புச் சட்டங்கள், 36 அறைகள், அறைக்கு ஓர் ஆள் நின்று தோண்டுவார்; பின்னாலேயே செங்கல் கட்டு வரும். அந்தக் கேடயத்தையும் மாட்ஸ்லியின் நிறுவனமே செய்து கொடுத்தது. 1827-இல் ஆறு உள்ளே புகுந்தது. 1828 ஜனவரியில் மறுபடி வெள்ளம். ஆறு பேர் இறந்தார்கள், மகன் இசம்பார்ட் காயத்தோடு தப்பினார். ஏழு ஆண்டு வேலை நின்றது. அரசு கடன் கொடுக்க, 1835-இல் மறுபடி தொடங்கி, 1843 மார்ச் 25 அன்று திறந்தார்கள். நீளம் சுமார் 396 மீட்டர். முதல் நாளே 50,000 பேர் நடந்து பார்த்தார்களாம். இன்றும் அதன் வழியாக ரயில் ஓடுகிறது.

1841-இல் சர் பட்டம் கிடைத்தது. 1849 டிசம்பர் 12 அன்று 80 வயதில் காலமானார். லண்டனில் கென்சல் கிரீன் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள்.

நம்ம பட்டறைக்கு எது?

சரி, இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். புருனெல் வாழ்க்கையைப் படித்துவிட்டு, தனித்தனி மெஷின்தான் உசத்தி என்று முடிவு கட்டினால் பூட்ஸ் மூட்டையை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். ஒரே மெஷின்தான் நல்லது என்றால் 1,30,000 கப்பியை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, ஒரே மாதிரி வேலை எத்தனை வரும், எத்தனை நாளைக்கு வரும்? ஒரே அளவு ஜன்னல் ஷட்டரை நூற்றுக்கணக்கில், வருஷம் முழுக்கச் செய்கிறவருக்குத் தனித்தனி மெஷின்தான் சரி. ஒரு முறை செட் பண்ணினால் அப்படியே நிற்கும். இன்று நிலை, நாளை கட்டில், மறுநாள் பழைய கதவு ரிப்பேர் என்று வருகிறவருக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. பாதி மெஷின் பாதி நாள் சும்மா நிற்கும்.

இரண்டாவது, செட்டிங். காம்பினேஷன் மெஷினில் இழைப்பிலிருந்து கனம் எடுக்க மாற வேண்டும் என்றால் மேஜையை மாற்ற வேண்டும். அறுக்கும் இடத்துக்கு வந்தால் தடுப்புப் பட்டையை மறுபடி நகர்த்தி அளவு வைக்க வேண்டும். ஒரு துண்டு விட்டுப்போய் மறுபடி பழைய அளவுக்கு வந்தால் முதலில் வந்த அளவு அச்சாக வராது. தனி மெஷினில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, ஆள். காம்பினேஷன் மெஷினில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை பார்க்க முடியும். இரண்டு பேர் இருக்கும் பட்டறையில் இன்னொருவர் காத்து நிற்பார். மோட்டார் எரிந்தால் இருவருமே நிற்க வேண்டும்.

நான்காவது, இடமும் கரண்டும். காம்பினேஷன் மெஷின் ஒரு மூலையில் அடங்கும், ஒரு மோட்டாரே பல வேலைக்கும் போதும் என்பது பெரிய வசதி. ஆனால் 7 அடி நிலைக்கால் இழைக்க வேண்டும் என்றால் மெஷினுக்கு முன்னால் 7 அடியும் பின்னால் 7 அடியும் காலியாக வேண்டும். மெஷின் அளவை மட்டும் பார்த்து இடம் குறிக்கக் கூடாது.

ஐந்தாவது, பாதுகாப்பு. வேலை மாறும்போதெல்லாம் கார்டைக் கழற்றி மாட்ட வேண்டி வரும். அவசரத்தில் மாட்டாமல் ஓட்டினால் விரல் போகும். செட்டிங் மாற்றும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட வேண்டும்.

எங்க வீட்டுக் கணக்கையும் சொல்கிறேன். எங்க அப்பாவும் சித்தப்பாவும் தச்சு வேலை. எங்க குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். வீட்டை ஒட்டி 12-க்கு 20 அடியில் ஒரு ஷெட் இருக்கிறது. லோன் போட்டு மெஷின் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, படிக்கிற பிள்ளை என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஏன்னா, மெஷினுக்கு வேலை இல்லாவிட்டாலும் தவணைக்கு லீவு கிடையாது.

ஒர்க் ஸ்டடி பாடத்தில் படித்தபடி ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு மாதம், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று தினமும் எழுதினேன். அறுப்பதிலும் இழைப்பதிலும்தான் பெரும்பாலான நேரம் போனது. ஒரே மாதிரி சாமான் தொடர்ந்து வரவே இல்லை. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. அப்பா இழைத்துக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா பக்கத்தில் துளை போட்டுக் கழுந்து சேர்த்துக்கொண்டிருப்பார். ஆகவே அறுக்க, இழைக்க, கனம் எடுக்க ஒரு காம்பினேஷன் மெஷின்; துளை போட மட்டும் தனியாக ஒரு சின்ன மெஷின். அப்போதுதான் இரண்டு பேருக்கும் வேலை நிற்காது. இந்த முடிவோடுதான் லோனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கூடவே புருனெலிடமிருந்து ஒரு பழக்கத்தையும் எடுத்துக்கொண்டோம். அவர் 45 மெஷினை இடத்தில் வரிசையாக வைத்தார். நாம் ஒரு மெஷினின் வேலைகளை நேரத்தில் வரிசையாக வைக்கலாம். ஒரு கட்டிலுக்கு வேண்டிய எல்லாத் துண்டையும் முதலில் அறுத்துவிடுவது; பிறகு எல்லாவற்றையும் இழைப்பது; பிறகு எல்லாவற்றுக்கும் கனம் எடுப்பது. செட்டிங் ஒரு வேலைக்கு ஒரு முறைதான் மாறும். எல்லாத் துண்டுக்கும் ஒரே முகத்தில் பென்சில் குறி போட்டு, கடைசி வரை அந்த முகத்தையே மெஷினில் சாய்த்தால் அளவு தவறாது. புருனெல் கட்டையில் பதித்த தடத்துக்குப் பதில் நமக்குப் பென்சில். செலவே இல்லை!

நண்பர்களே! நம்மில் பலருடைய அப்பா உளி பிடித்தவர், ஏர் பிடித்தவர், கரண்டி பிடித்தவர். டிப்ளமோ வாங்கியதும் அந்தக் கைவேலையைக் கீழாக நினைக்க வேண்டாம். மரம் எப்படி வெட்டுப்படும் என்று கை அறிந்திருந்ததால்தான் புருனெலால் அந்த மெஷின்களை வரைய முடிந்தது. நம் வீட்டுப் பெரியவர்களின் கைக்கும் நமக்குத் தெரிந்த டிராயிங்குக்கும் நடுவில் ஒரு நோட்டும் பென்சிலும்தான் தூரம். முதலில் வேலையைக் கவனிப்போம், கணக்கு எழுதுவோம், பிறகு மெஷினைத் தேடுவோம். அப்படி வாங்கிய மெஷின் சின்னதாக இருந்தாலும் சோறு போடும்.